கையில் போனோடு வளரும் பிள்ளைகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றிப் பேச வருபவர்கள் கடைசியில் வந்து நிற்பது போன் பற்றிய பேச்சில்தான். அங்கே திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாங்களும் டிவி பார்த்துத்தான் வளர்ந்தோம். இப்போது மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

டிவி கூடத்தில் இருந்தது. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாடகம் முடிந்தால் முடிந்ததுதான், அடுத்தது நாளைக்கு. போனில் எதுவும் முடிவதில்லை. என்ன ஓடுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிவதில்லை.

இந்தத் தலைமுறைக்கு எல்லாம் அடுத்தடுத்து வந்து சேர்ந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. ஒரு ஜிபி டேட்டாவை மாதம் முழுக்க இழுத்துப் பிடித்த வீடுகளுக்கு, முதல் சில மாதங்கள் இலவசமாகவே தினமும் ஜிபி கணக்கில் டேட்டா கிடைத்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடினார்கள். அதே ஆண்டு ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அந்த இடத்தைப் பிடிக்க ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக்குத் திரும்பினார்கள்.

அந்த ஒன்றரை வருடத்தில் போன் பாடப்புத்தகமாகவே வீட்டுக்குள் வந்தது. கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்த பெற்றோர் ஏராளம். வகுப்பு முடிந்தும் போனைத் திரும்ப வாங்க முடியவில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது, பிடுங்கினால் படிப்பு கெடும் என்ற பயம். இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நாம் கொடுத்தோம், நிலைமை அப்படி இருந்தது.

உண்மையில் எத்தனை பிள்ளைகளிடம் போன் இருக்கிறது?

நாம் நினைப்பதைவிடக் குறைவு, பெண் பிள்ளைகளிடம் இன்னும் குறைவு. 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பின் 'ஏசர்' ஆய்வு 2023இல் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களைக் கேட்டது. 28 மாவட்டங்களில் நடந்தது, தமிழ்நாட்டில் பெரம்பலூர். ஏறக்குறைய 90 சதவீத வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். இவை எல்லா மாவட்டங்களையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு.

அண்ணனுக்குத் தனிப் போன், தங்கைக்கு அம்மாவின் போன். இந்தக் காட்சி எல்லா ஊரிலும் உண்டு. 'எல்லாப் பிள்ளைகளும் இருபத்து நாலு மணி நேரமும் இணையத்தில் இருக்கிறார்கள்' என்று சொல்லும்போது இந்தப் பெண் பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். அவர்களுடைய சிக்கல் வேறு, கீழே தனியாகச் சொல்கிறேன்.

போன் பார்த்தால் மனச்சோர்வு வரும் என்று நிரூபித்துவிட்டார்களா?

இல்லை. ஆய்வாளர்களிடையே இன்றும் சண்டை நடக்கிறது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்து இளம் வயதினரின் மனநலம் சரிந்ததற்குப் போனும் சமூக ஊடகமுமே முக்கியக் காரணம் என்கிறார் அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட். மறுபக்கம், ஆய்வாளர்கள் ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ ப்ரிஸிபில்ஸ்கி இருவரும் 2019இல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பிள்ளைகளின் தரவுகளை அலசினார்கள். மனநலத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வில் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புள்ளது அதிகபட்சம் 0.4 சதவீதம் என்று சொன்னார்கள். இரண்டு தரப்பும் பேசுவது பெரும்பாலும் மேற்கத்திய நாட்டுப் பிள்ளைகளைப் பற்றி.

என் கருத்தைச் சொல்கிறேன். சராசரி ஒரு வகுப்பறையைப் பற்றிச் சொல்லும், கடைசி பெஞ்சில் இருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லாது. நாற்பது பேரில் முப்பத்தைந்து பேருக்கு ஒன்றும் ஆகாமல், ஐந்து பேர் நொறுங்கிப் போனாலும் சராசரியில் அது சின்ன எண்ணாகத்தான் தெரியும். பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021இல் வெளிவந்தபோது, மூன்றில் ஒரு பெண் பிள்ளைக்கு உடல் தோற்றம் பற்றிய மனக்குறையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று அவர்களே ஒரு ஸ்லைடில் எழுதி வைத்திருந்தது தெரிந்தது. அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறீர்கள் என்று நிறுவனம் மறுத்தது. எனக்கு அந்த மறுப்பு போதவில்லை.

அப்படியென்றால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அனுமதிக்கலாம்?

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குத் தெளிவான எல்லை இருக்கிறது. இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படி எல்லோருக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது.

மணிக் கணக்கு பார்ப்பதைவிட, போன் எதைத் தின்றுவிட்டது என்று பாருங்கள். தூக்கமா, மைதானமா, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதா, படிப்பா? இரண்டு மணி நேரம் யூடியூபில் கணக்குப் பாடம் பார்த்துவிட்டு வெளியே போய் விளையாடும் பிள்ளையும், இரவு பன்னிரண்டில் இருந்து இரண்டு வரை போர்வைக்குள் ரீல்ஸ் பார்க்கும் பிள்ளையும் மணிக் கணக்கில் ஒன்றுதான்.

ஒரே ஒரு விதி போட வேண்டும் என்றால் எதைப் போடுவீர்கள்?

இரவில் போன் படுக்கைக்குப் போகக் கூடாது. தயக்கமே இல்லாமல் சொல்வேன்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் பெரியவர்களைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. பதினொரு மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருப்பது பாதி அந்த வயதின் இயல்பு. அந்த நேரத்தில் கையில் போனும் இருந்தால் இரண்டு மணி ஆகிவிடும். காலை எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு. முதல் பாடவேளையில் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் சிலர் கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறார்கள். கரும்பலகையைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்டால் என்ன கேட்டேன் என்றே தெரியாது. 'மக்கு' என்று அவர்களுக்குப் பெயர் வைத்துவிடுகிறோம். தூங்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் எல்லோருடைய போனும் இரவு பத்து மணிக்குக் கூடத்தில் ஓர் இடத்தில் சார்ஜுக்குப் போகட்டும். எல்லோருடையதும் என்றால் அப்பாவுடையதும்தான். 'அலாரம் வைக்கப் போன் வேண்டும்' என்பார்கள். ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

இன்ஸ்டாகிராமில் பதின்வயதினர் கணக்கு என்று ஒன்று 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதில் இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் தானாகவே அடங்கிவிடும், 16 வயதுக்குக் கீழே இருப்பவர் அதை மாற்றப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் பலர் கணக்குத் தொடங்கும்போதே பிறந்த வருடத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கண் கெட்டுவிடுமா?

கிட்டப்பார்வை கூடுகிறது, அது உண்மை. கிட்டத்தில் வைத்து மணிக்கணக்கில் பார்ப்பது ஒரு காரணம், வெளிச்சத்தில் வெளியே போகாமல் இருப்பது இன்னொன்று. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே இருக்க வைக்கும் திட்டம் நடத்தினார்கள், அதன் பிறகு பார்வைக் குறை கூடிக்கொண்டே போன போக்கு திரும்பியது. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியருக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தை நம் பள்ளிகள் நிறுத்த வேண்டும்.

கேம் விளையாடும்போது கூப்பிட்டால் பையன் ஏன் அப்படிக் கத்துகிறான்?

அந்த விளையாட்டை நிறுத்தி வைக்க முடியாது. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மாதிரியான கேம்களில் நாலு பேர் ஓர் அணி. பாதியில் எழுந்து போனால் மற்ற மூன்று பேரும் தோற்பார்கள், மறுநாள் வகுப்பில் அதற்கு வசை வாங்க வேண்டும். பிஜிஎம்ஐயில் ஓர் ஆட்டம் அரை மணி நேரம் வரை போகும். 'சாப்பிட வா' என்று நீங்கள் கூப்பிடுவது கடைசி ஐந்து பேர் மிஞ்சி நிற்கும் நேரமாக இருந்தால் அவன் காதில் விழாது. ஆட்டம் தொடங்கும் முன்பே 'இது முடிந்ததும் சாப்பாடு, அடுத்தது போடக் கூடாது' என்று சொல்லிப் பாருங்கள். சண்டை பாதியாகக் குறையும். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தால் இன்னும் நல்லது.

அடிமையாகிவிட்டானா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு வைத்திருக்கிறது. கட்டுப்பாடு கைவிட்டுப் போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட கேமே முக்கியமாக வேண்டும், கெடுதல் தெரிந்தும் தொடர வேண்டும், இது பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். விடுமுறையில் ஒரு மாதம் கேமே கதி என்று கிடந்தால் அது நோய் இல்லை. உண்மையிலேயே எல்லை மீறியிருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் 'ஷட்' என்ற சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

பணம் கட்டி ஆடும் ஆட்டம் வேறு கதை. தமிழ்நாடு 2022இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. அதற்குப் பிறகும் அப்படி ஒரு செயலி பிள்ளையின் போனில் இருந்தால், அது சட்டத்துக்கு வெளியே நடப்பது. பணம் போனால் திரும்பாது.

ரீல்ஸை ஏன் நிறுத்தவே முடிவதில்லை?

பிள்ளை லைக் போட வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு வீடியோவில் எத்தனை நொடி நின்றாள், திரும்பப் பார்த்தாளா, யாருக்காவது அனுப்பினாளா என்பதையெல்லாம் செயலி குறித்துக்கொள்கிறது. முகப்பரு வந்த பிள்ளை, பரு போக்கும் வீடியோ ஒன்றில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். அடுத்து பரு, அப்புறம் நிறம், அப்புறம் எடைக் குறைப்பு என்று வந்துகொண்டே இருக்கும். அவளுடைய மனக்குறை எதுவோ அதுவே அவளுக்குத் திரும்பத் திரும்பப் பரிமாறப்படுகிறது.

ஸ்னாப்சாட்டில் 'ஸ்ட்ரீக்' என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் தினமும் ஒருவருக்கொருவர் ஒரு படமாவது அனுப்பினால் பெயருக்குப் பக்கத்தில் தீச்சுடர் ஒன்றும், எத்தனை நாள் என்ற எண்ணும் வரும். ஒரு நாள் விட்டால் எண் அழிந்துவிடும், அழியப் போகும் நேரத்தில் மணற்கடிகாரம் ஒன்று தோன்றும். படத்தில் என்ன இருக்கிறது என்பது முக்கியமே இல்லை, சுவரை, கூரையை எடுத்துக்கூட அனுப்புவார்கள். பொதுத்தேர்வு நாட்களில் தோழியிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து 'எனக்கும் சேர்த்து அனுப்பிடு' என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நட்பு என்ற பெயரில் இப்படி ஒரு தினக்கடமையைக் குழந்தைகள் தலையில் கட்டியது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

பையன்கள் பார்க்கும் ரீல்ஸில் சாதி வருகிறதே, கவனித்தீர்களா?

கவனித்தேன். பெற்றோர் பலர் இதைக் கேட்பதே இல்லை, கேட்க வேண்டும். தலைவர் படம், அரிவாள், சாதிப் பாட்டு, பின்னணியில் பைக் ஊர்வலம். முப்பது நொடிதான். பதினான்கு வயதுப் பையன் ஒன்றைப் பார்த்தால் பத்து வரும். எந்தச் சாதியின் பிள்ளைக்கும் அவனுடைய சாதி ரீல்ஸ் தேடி வருகிறது.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. மணிக்கட்டில் இருக்கும் கயிற்றைப் பள்ளி வாசலில் பார்த்துவிட முடியும். போனுக்குள் இருக்கும் கயிற்றை யார் பார்ப்பது? உங்கள் பையன் எந்தப் பாட்டுக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறான் என்று பாருங்கள். 'நம்ம ஆளுங்கதானே' என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

என் மகளின் படத்தை வைத்து யாரோ மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

முதலில் அவளைத் திட்டாதீர்கள். அவள் உங்களிடம் வந்து சொன்னாளே, அதுவே பாதித் தூரம் கடந்த மாதிரி.

மிரட்டுகிறவனின் பலம் அந்தப் படத்தில் இல்லை. 'வீட்டில் சொல்லிவிடுவேன்' என்பதில்தான் இருக்கிறது. வீட்டில் தெரிந்தால் போனைப் பிடுங்குவார்கள், அப்புறம் பள்ளியை நிறுத்துவார்கள், அப்புறம் கல்யாணப் பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதனால் அவள் பணம் கொடுப்பாள், இன்னொரு படம் கொடுப்பாள், வீட்டில் மட்டும் சொல்ல மாட்டாள். இந்தப் பயத்தை எடுத்துவிட்டால் அவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளிலேயே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்: 'என்ன ஆனாலும் என்கிட்ட வா. உன் தப்பாவே இருந்தாலும் வா. போனையும் வாங்க மாட்டேன், படிப்பையும் நிறுத்த மாட்டேன்.' சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

அடுத்து செய்ய வேண்டியவை. பணம் அனுப்பாதீர்கள், ஒரு முறை அனுப்பினால் நிற்காது. உரையாடலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. மிரட்டல் செய்திகளையும், அவனுடைய கணக்குப் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தரங்கப் படத்தை மட்டும் வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள், உதவி கேட்பதற்காகக்கூட வேண்டாம். 1930 என்ற எண்ணில் சைபர் குற்ற உதவி மையம் இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் இது போக்சோ சட்டத்தில் வரும் குற்றம். அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், குழந்தையின் பெயரை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் உண்டு. படத்தை யாருக்கும் அனுப்பாமலே அதன் எண் அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொடுத்து, அதில் சேர்ந்திருக்கும் தளங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்க உதவுகிறார்கள்.

பையன்களுக்கும் இது நடக்கிறது. அவர்கள் வெட்கத்தில் இன்னும் தாமதமாகத்தான் சொல்கிறார்கள்.

நல்லதே இல்லையா?

நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடு இருக்கிறது. போனை அதன் மேல் காட்டினால் பாட வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பெண் ஒரே வேதியியல் வீடியோவை நாலு முறை ஓட்டிப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள். வகுப்பில் என்னை நாலு முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க அவளுக்குக் கூச்சம்.

காது கேளாத பிள்ளைகள் எழுத்தில் நண்பர்களோடு பேசுகிறார்கள். ஊரில் தன்னைப் போல ஒருவரையும் பார்த்திராத திருநங்கைப் பிள்ளை, தான் தனி ஆள் இல்லை என்று தெரிந்துகொள்கிறாள். போனை மொத்தமாகத் தடை செய்யச் சொல்பவர்கள் இந்தப் பிள்ளைகளை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

ஆனால் படிக்கத்தான் போன் என்று நம்பிக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஏசர் 2024 ஆய்வில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 57 சதவீதம் பேர் அதற்கு முந்தைய வாரத்தில் படிப்பு சார்ந்து போனைப் பயன்படுத்தினார்கள், 76 சதவீதம் பேர் சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

ஆஸ்திரேலியா மாதிரி தடை போட்டுவிட்டால் என்ன?

அங்கே 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனங்களுக்குத்தான். 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஒரே போனை அம்மாவும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் யாருடைய வயதை எப்படிச் சரிபார்ப்பார்கள் என்பது பெரிய சிக்கல். அம்மாவின் கணக்கில்தானே பிள்ளை பார்க்கிறது.

பிள்ளைக்குத் தெரியாமல் போனைச் சோதிக்கலாமா?

தெரியாமல் வேண்டாம். கண்டுபிடித்த அன்று பிள்ளை இரண்டாவது கணக்கு தொடங்கும், அது உங்களுக்குத் தெரியவே போவதில்லை. சின்ன வகுப்பில் 'வாரத்துக்கு ஒரு நாள் சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லிவிட்டே பாருங்கள். பதினைந்து, பதினாறு வயதில் மெல்ல விட்டுக்கொடுங்கள்.

பிள்ளை ஏ.ஐ. சாட்பாட்டிடம் மணிக்கணக்கில் பேசுகிறது. பரவாயில்லையா?

பாடத்தில் சந்தேகம் கேட்டால் சரி, ஆனால் பதிலை அப்படியே எழுதிவைக்கிறதா என்று பாருங்கள். மனக்கஷ்டத்தை எல்லாம் அதனிடம் மட்டுமே சொல்லத் தொடங்கினால் கவலைப்பட வேண்டும். இப்படிப் பேசும் சாட்பாட்களை நடத்தும் கேரக்டர் ஏ.ஐ. நிறுவனமே 2025 நவம்பரில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அப்படிப்பட்ட உரையாடலில் இருந்து விலக்கியது. உங்களிடம் சொல்ல முடியாத எதை அதனிடம் சொல்கிறது என்று யோசியுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் யாரும் இல்லையென்றால் 14416 என்ற அரசின் 'டெலி மனஸ்' மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா எதற்கெடுத்தாலும் போனைத்தான் காரணம் சொல்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

தம்பி, தங்கச்சி, உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மதிப்பெண் குறைந்தால், தலைவலித்தால், பதில் சொல்லத் தாமதமானால் எல்லாவற்றுக்கும் போன் என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். போனில் திரை நேரம் காட்டும் பகுதி இருக்கும். அதைத் திறந்து நீயே போய் அப்பாவிடம் காட்டு. எதில் எவ்வளவு நேரம் போனது என்று அதில் இருக்கும், அதை வைத்துப் பேசு. இரவு போனை வெளியே வைக்கிறேன் என்று நீயே முதலில் சொல். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை கேமுக்கு இரண்டு மணி நேரம் கேள். அப்பாவுடைய திரை நேரத்தையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அவர் கோபப்பட மாட்டார் என்று தோன்றினால்.